மெஷின் வருமுன்னே ஊரைக் கேளுங்கள்

2025இல் கொழும்பில் இரண்டு காரியங்கள் நடந்தன. சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெயரில் பென்னம்பெரிய கசினோ ஒன்று திறக்கப்பட்டது. பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. வெள்ளைக்காரன் காலத்து 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம், குதிரைப் பந்தயத்துக்கான பழைய கட்டளைச் சட்டம், 2010ஆம் ஆண்டுக் கசினோச் சட்டம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இணையச் சூது உட்பட எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதுதான் நோக்கம்.

யாழ்ப்பாணத்தில் இதைப்பற்றி வாய்திறந்த ஆக்கள் குறைவு. மதுக்கடைக்கு அனுமதி கொடுத்தால் பதாகை பிடிக்கிறோம். கசினோ என்றால் அது கொழும்புக் காசுக்காரரின் விசயம் என்று விட்டுவிடுகிறோம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இலங்கைக்காரர் கசினோவுக்குள் காலெடுத்து வைக்கவே 50 டொலர் வரி இருந்தது. அதையும் 100 டொலராக்க அரசாங்கம் தீர்மானித்தது. காங்கேசன்துறை வீதியில் சைக்கிள் திருத்துகிறவர் அங்கே போகப்போவதில்லை.

என்னுடைய யோசனை கசினோவைப் பற்றியது அல்ல. கசினோவுக்குப் போக முடியாதவனைத் தேடி அவன் தெருவுக்கே வருகிற சூது மெஷினைப் பற்றியது. இலங்கையின் சின்ன நகரங்களுக்கு அது இன்னும் அப்படி வரவில்லை. வேறு நாடுகளில் எங்கள் ஆக்கள் வாழும் தெருக்களுக்கு வந்திருக்கிறது. அது எப்படி வந்தது, வந்தபின் அந்த ஊர்ச் சபைகள் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தால், எங்கள் சட்டத்தின் ஒழுங்குவிதிகளில் இப்போதே என்ன எழுதிக்கொள்ள வேண்டும் என்பது தெரியும்.

சின்னம்மாவின் மகன் ஒருவன் படிக்கவென்று லண்டன் போய், ஈஸ்ட்ஹாமில் ஒரு பந்தயக் கடையின் கவுண்டரில் நின்றவன். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தை யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோசைக்கடை, நகைக்கடை, மகாலட்சுமி கோயில், காசு அனுப்பும் கடை. அவற்றுக்கு நடுவில் பந்தயக் கடைகள். அவன் சொன்ன ஒரு விசயம் எனக்கு மறக்கவில்லை: "அண்ணை, குதிரைக்குக் காசு கட்ட வாற ஆக்கள் கதைப்பினம். சிரிப்பினம், திட்டுவினம், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிப்பினம். மெஷினில இருக்கிறவன் கதைக்கமாட்டான். பக்கத்தில தமையன் வந்து நிண்டாலும் திரும்பிப் பாக்கமாட்டான்."

அந்த மெஷினில், எந்த இலக்கத்தில் பந்து விழும் என்று காசு கட்டும் ரூலெட் சக்கரம் சுற்றும். ஒரு சுற்றுக்கு 20 செக்கன். ஒரு சுற்றுக்கு 100 பவுண் வரை கட்டலாம் என்று சட்டம் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் 300 பவுண். கசினோவில் இந்தளவு தொகையை இந்த வேகத்தில் இழப்பதற்குக்கூட உடுப்புப் போட்டு வெளிக்கிட்டுப் போகவேண்டும். இங்கே பால் வாங்கப் போகிற வழியில் இருக்கிறது.

இனித்தான் சட்டத்தின் விளையாட்டு. பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஒரு கடைக்கு நாலு மெஷின்தான் என்று மட்டுப்படுத்தியது. கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்குத்தான் எல்லை. தெருவுக்கு எல்லை இல்லை. கொம்பனிக்காரன் என்ன செய்தான்? எட்டு மெஷின் வேண்டுமென்றால் இரண்டு கடை திறந்தான். அதே தெருவில், சில இடங்களில் அடுத்தடுத்த கதவில். ஈஸ்ட்ஹாம் அடங்கும் நியூஹாம் சபையின் எல்லைக்குள் 80க்கு மேற்பட்ட பந்தயக் கடைகள் வந்துசேர்ந்தன. லண்டனில் வருமானம் குறைந்த ஆக்கள் வாழும் இடங்களில் அது ஒன்று என்பது தற்செயல் அல்ல.

சபை சும்மா இருக்கவில்லை. புதிதாக ஒரு கடை விண்ணப்பித்தபோது, 'இது பந்தயக் கடை இல்லை, மெஷின் கடை. பந்தயம் பேருக்குத்தான்' என்ற காரணத்தில் அனுமதி மறுத்தது. கொம்பனி நீதிமன்றம் போனது. 2013இல் சபை தோற்றது. தோற்றதில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் அந்தச் சட்டமே உரிமம் கொடுக்கும் சபைகள் 'அனுமதிப்பதை நோக்காகக் கொள்ளவேண்டும்' என்று எழுதி வைத்திருந்தது. முந்திய சட்டத்தில் கடை திறக்க வருகிறவன், இந்த இடத்தில் இதற்குத் தேவை இருக்கிறது என்று காட்டவேண்டும். புதிய சட்டம் அந்தச் சுமையை அவன் தலையிலிருந்து இறக்கி ஊரின் தலையில் வைத்துவிட்டது. நீங்கள் கேட்கலாம், ஊர்ச் சபைக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் இருந்ததுதானே என்று. இருந்தது. கொடுக்கும் அதிகாரம்.

பிறகு நியூஹாம் முன்னே நிற்க 93 உள்ளூராட்சி சபைகள் சேர்ந்து, ஒரு சுற்றுக்கான உச்சத் தொகையை 2 பவுணாகக் குறையுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டன. அரசாங்கம் 2015இல் மறுத்தது. கடைசியில் அந்த 2 பவுண் வந்தது 2019 ஏப்ரலில். அதுவும் இழுபட்டு இழுபட்டு; தாமதத்தைச் சகிக்கமுடியாமல் அதற்குப் பொறுப்பான அமைச்சர் ட்ரேசி குரோச் 2018 நவம்பரில் பதவி விலகினார். சபைகள் கேட்டது சரி என்று ஒத்துக்கொள்ள இவ்வளவு காலம். அதற்கிடையில் அந்த மெஷின்களுக்கு முன்னால் இருந்தவர்களின் காசுக்கு யார் பொறுப்பு?

மெல்பேர்ன் பக்கம் வேறு கதை. அங்கே போக்கி மெஷின்: பொத்தானைத் தட்டினால் படங்கள் சுழலும் சூது மெஷின். விக்டோரியா மாநிலம் 1990களின் தொடக்கத்தில் அதற்குக் கதவு திறந்தது; இப்போது கசினோவுக்கு வெளியே, ஹொட்டேல்களிலும் கிளப்புகளிலும் மட்டும் 27,372 மெஷினுக்கு உரித்து இருக்கிறது. ஆண்டுக்கு 300 கோடி அவுஸ்திரேலிய டொலர் அளவில் ஆக்கள் அவற்றில் இழக்கிறார்கள். சென் அல்பன்ஸ், சன்ஷைன் அடங்கும் பிரிம்பாங்க் சபை எல்லை இழப்பில் முன்னுக்கு நிற்கிறது. எங்கள் ஆக்கள் நிறைய இருக்கும் டான்டெனோங் பக்கமும் சளைத்ததில்லை. ஆனால் அதே நாட்டில் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குப் போனால், பேர்த் கசினோவைத் தவிர வேறெங்கும் மெஷின் கிடையாது. ஒரே நாடு, ஒரே காசு, ஒரே ஆக்கள். மெஷின் மழைபோல வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ கையெழுத்து வைத்துத்தான் வருகிறது.

விக்டோரியாவில் ரொம்சி என்று ஒரு சின்ன ஊர். மெல்பேர்னுக்கு வடக்கே. அந்த ஊர் ஹொட்டேல் 30 மெஷின் வைக்க அனுமதி கேட்டது. சபை ஊராரிடம் கருத்துக் கேட்டது. கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பேர் வேண்டாம் என்றார்கள். மாநிலச் சூதாட்ட ஆணைக்குழு மறுத்தது. ஹொட்டேல் மேன்முறையீடு செய்தது, தீர்ப்பாயம் அனுமதி கொடுத்தது. ஊராருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் ஒரு பாதிப்பா என்ற கேள்விதான் அங்கே முக்கியமானது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2008இல் அந்த நீதிமன்றம் சொன்னதன் சாரம்: ஊராரின் எதிர்ப்பும் சமூகப் பாதிப்புக் கணக்கில் சேரவேண்டியதுதான், தங்கள் ஊர் தாங்கள் விரும்பாத மாதிரி மாறிப்போகிறது என்ற மனக்குறை வெறும் ஒழுக்கப் பிரசங்கம் அல்ல. வழக்குத் திரும்பித் தீர்ப்பாயத்துக்கு வந்து, 2009இல் அனுமதி மறுக்கப்பட்டது.

வென்றார்கள். ஆனால் எவ்வளவு செலவழித்து? ஒரு சின்ன ஊர் தன் வாயைத் திறப்பதற்கே மேன்முறையீட்டு நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. எங்கள் பிரதேச சபைகளில் எத்தனைக்கு அப்படியொரு வழக்கை நடத்தப் பணம் இருக்கும்?

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலம் இதைவிட நேராகச் செய்தது. 2009இல் பார்களிலும் லொறிச் சாரதிகள் தரிக்கும் இடங்களிலும் வீடியோச் சூது மெஷின் வைக்கச் சட்டம் போட்டபோது, எந்த நகரசபையும் தன் எல்லைக்குள் தடை செய்யலாம் என்று அதிலேயே எழுதினார்கள். சபைத் தீர்மானத்தாலும் செய்யலாம், மக்கள் வாக்கெடுப்பாலும் செய்யலாம். சிக்காகோ நகரமே வெகுகாலம் தள்ளி நின்றது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் செய்தது: மெஷின் சம்பாதிப்பதில் 5 வீதம் உள்ளூர்ச் சபைக்கு. றோட்டுப் போடக் காசில்லாத சபை அந்த 5 வீதத்தை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்? தடை செய்துவிட்டு, பிறகு பக்கத்து ஊர் சம்பாதிக்கிறதைப் பார்த்துத் தடையை எடுத்த ஊர்கள் உண்டு. வேண்டாம் சொல்லும் அதிகாரத்தையும் சம்பாதிக்கும் ஆசையையும் ஒரே கையில் கொடுத்தால், எது எதை விழுங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஏனென்றால் இந்த விசயத்தில் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் பாடம் எடுக்கக்கூடிய ஊர் யாழ்ப்பாணம்.

1920களிலும் 30களிலும் இங்கே தவறணைகளை (கள்ளுக்கடைகளை) மூடுவதற்கு ஊர் ஊராக வாக்கெடுப்பு நடந்தது. அப்போதைய கலால் சட்டத்தின் கீழ், ஒரு பகுதி மக்கள் கேட்டால் அங்கே தவறணை இருக்கவேண்டுமா வேண்டாமா என்று வாக்கு நடத்தும் ஏற்பாடு இருந்தது. மதுவிலக்குச் சபைக்காரர், பாதிரிமார், சைவப் பள்ளிக்கூட வாத்தியார்மார், காந்தியவாதிகள் என்று எல்லாருமாகச் சேர்ந்து ஊர்களைத் திரட்டினார்கள். காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்துபோனதன் சூடும் அதில் இருந்திருக்கும். இலங்கையில் அந்த முறையை யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலப் பயன்படுத்திய இடங்கள் குறைவு. இங்கே தவறணைகள் வாக்கால் மூடப்பட்டன. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலையே பகிஷ்கரித்த யாழ்ப்பாணம்தான் தவறணையை மூட வரிசையில் நின்றது என்பதை நினைக்க எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

பெருமைப்பட்டுக்கொண்டு இதோடு நிறுத்தலாம். நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

தவறணை மூடினவுடன் கள்ளு நிற்கவில்லை. பனை நிற்கிறது, சீவுகிறவன் இருக்கிறான், குடிக்கிறவன் இருக்கிறான். பிறகு மரவரி முறை வந்தது: மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டிவிட்டு, சீவினவர் மரத்தடியிலேயே விற்கலாம். மூடுவதற்குத் திரண்டவர்களில் பெரும்பாலானோருக்கு மரம் சொந்தம். ஏறுகிற வேலை வேறு ஆக்களுடையது. அந்தத் தொழிலில் இருந்த சமூகங்களுக்குப் பிழைப்புக் கேள்வியானது, மற்றவர்களுக்கு ஒழுக்கக் கேள்வி. சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களில் வந்த பிறகுதான் அவர்கள் கையில் ஒரு பிடி கிடைத்தது.

ஆகவே 'ஊரைக் கேளுங்கள்' என்று சொல்லும்போது எனக்கே ஒரு தயக்கம் வரும். எந்த ஊர்? 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியாரை உள்ளே விடமாட்டோம் என்று நின்றதும் தன்னை ஊர் என்றுதான் சொல்லிக்கொண்டது. 2025இல் நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட மாமிசம் பரிமாறும் உணவகம் வரக்கூடாது என்று கிளம்பியபோதும் ஊர்தான். நான் கேட்கும் அதே அதிகாரத்தை நாளைக்கு ஒரு மீன்கடைக்கு எதிராகவோ, ஒரு மசூதிக்கு எதிராகவோ யாராவது தூக்கலாம். அதனால் அதிகாரத்தைக் குறுக்கி எழுதவேண்டும்: உரிமம் இல்லாமல் நடத்தமுடியாத சூது வணிகத்துக்கு மட்டும். கோயில் சபைத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கையெழுத்து வைத்த மகஜரை ஊரின் முடிவு என்று எடுக்கக்கூடாது. வாக்காளர் இடாப்பில் உள்ள எல்லாரும், கிராம சேவையாளர் பிரிவு வாரியாக, இரகசிய வாக்கு. யாழ் மாவட்டத்தில் 435 கிராம சேவையாளர் பிரிவுகள் இருக்கின்றன. தேர்தலுக்குச் செய்கிற வேலைதான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இரகசிய வாக்கை நான் அழுத்துவதற்கு இன்னொரு காரணம் பெண்கள். மெஷின் விழுங்குகிற காசு முதலில் கணவனின் பொக்கற்றிலிருந்து போகும். பிறகு நகை அடகுக்குப் போகும், பிறகு நுண்கடன். வாரத் தவணை வாங்க வருகிறவன் வந்து நிற்பது மனைவியின் படலையில். போருக்குப் பிறகு வடக்கில் நுண்கடன் என்ன செய்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் ஊர்க் கூட்டத்தில் எழும்பிக் கதைக்கமாட்டாள். கணவனின் அண்ணன் முன்வரிசையில் இருப்பார். வாக்குப் பெட்டியில் போடுவாள்.

சரி, எல்லாரும் கைபேசியில் விளையாடுகிற காலத்தில் தெரு மெஷினைப் பற்றி என்ன கதை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கைபேசிச் சூதை மட்டுப்படுத்தப் பிரதேச சபையால் முடியாது. அது வங்கிகளோடும் தொலைத்தொடர்புக் கொம்பனிகளோடும் பேசவேண்டிய அதிகாரசபையின் வேலை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தின்று வளர்வதில்லை. பிரித்தானியாவில் கைபேசி வந்தபின்னும் தெருவில் மெஷின் மண்டபங்கள் திறந்துகொண்டுதான் இருக்கின்றன. கொம்பனிக்காரன் இரண்டு கதவையும் திறந்துதான் வைப்பான். எங்களுக்குக் கிட்டின கதவையாவது நாங்கள் பார்க்கலாம்.

லொத்தரைப் பற்றியும் ஒன்று. 40 ரூபாய் ரிக்கற்றை யாழ் பஸ் நிலையத்தில் விற்கும் மனிதருக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. ரிக்கற் வாங்கினவர் முடிவுக்கு இரவு வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் அவர் வீட்டுக்குப் போகிறார், சாப்பிடுகிறார், மறந்துவிடுகிறார். மெஷின் காத்திருக்க விடாது. வித்தியாசம் தொகையில் மட்டுமல்ல, வேகத்தில்தான் பெரிதாக இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010இல் இதைத்தான் கணக்காகச் சொன்னது: அந்த மெஷின்களில் ஒருவர் மணித்தியாலத்துக்கு 1,500 டொலர் சுலபமாக இழக்கலாம், ஒரு தட்டுக்கு 1 டொலர் என்று மட்டுப்படுத்தினால் அது 120 டொலர் அளவுக்கு இறங்கும். மெஷினில் போகிற காசில் ஏறக்குறைய 40 வீதம் சூதுக்கு அடிமைப்பட்டவர்களுடையது என்றும் அதே அறிக்கை மதிப்பிட்டது. அப்படியான வியாபாரத்தில் அளவாக விளையாடும் வாடிக்கையாளர் அலங்காரத்துக்குத்தான்.

இனி எங்கள் நிலைமை. மாகாண சபைப் பட்டியலில், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி, தேசிய லொத்தர்களைத் தவிர்த்துப் பந்தயத்துக்கு வரி போடும் அதிகாரம் மாகாணத்துக்கு உண்டு. ஆனால் வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர். மிஞ்சியிருப்பது 2025 மே மாதம் தெரிவான உள்ளூராட்சி சபைகள்: யாழ் மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபை மூன்று, பிரதேச சபை பதின்மூன்று. அவர்கள் கையில் கட்டட அனுமதியும் வியாபார அனுமதிப்பத்திரமும் இருக்கின்றன. மதுக்கடை விசயத்தில் அந்தப் பிடி எவ்வளவு வழுக்குகிறது என்று 2024இல் பார்த்தோம். நாடு முழுவதும் புதிதாக நூற்றுக்கணக்கான அனுமதிகள், கிளிநொச்சிக்கு மட்டும் அளவுக்கு மிஞ்சிய பங்கு, சபைகளும் ஊர்களும் பேப்பரில் பார்த்துத்தான் அறிந்தன.

இதையெல்லாம் எங்கள் பக்கத்துப் பிரதேச சபை உறுப்பினர் ஒருவரிடம் கதைத்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர். முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க சொல்லுறது சரி. ஆனா எங்கட சபைக்குக் குப்பை அள்ளுற ட்ராக்டருக்கு டீசல் அடிக்கவே காசில்லை. நாளைக்கு ஒருத்தன் வந்து வருமானத்தில பங்கு தாறன் எண்டா, சபையில கை உயர்த்தாத ஆள் எத்தினை பேர் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டார்.

அதனால்தான் பங்கே வேண்டாம் என்று முதலில் எழுதவேண்டும் என்றேன். வரி போகிற இடம் திறைசேரியாக இருக்கட்டும்; உள்ளூர்ச் சபைக்கு ஒரு சதமும் நேராக வரக்கூடாது. வாக்கு கடை திறக்குமுன் நடக்கவேண்டும், திறந்தபின் அல்ல, ஏனென்றால் திறந்த கடையில் வேலை செய்கிற ஐந்து பிள்ளைகளின் சம்பளத்தைக் காட்டி வாயை அடைப்பார்கள். எல்லையைக் கடைக்கு வைக்காமல் தெருவுக்கு வைக்கவேண்டும். ஈஸ்ட்ஹாம் படிப்பித்துத் தந்தது அதுதான். தேவை இருக்கிறது என்று நிரூபிப்பது வருகிறவனின் வேலையாக இருக்கவேண்டும்.

ஒரு தீர்மான வரைவு எழுதித்தரச் சொன்னார். எழுதினேன். அதிகாரசபை ஒழுங்குவிதிகளை ஆக்கும்போது இந்த வரிகளைச் சேர்க்கும்படி சபை கோரவேண்டும் என்பதுதான் உள்ளடக்கம். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார், ஒன்றைத் தவிர. ஊர் வேண்டாம் என்று வாக்களித்தால், கொம்பனி எவ்வளவு காலத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கக்கூடாது என்பது. நான் நாலு வருடம் என்று எழுதியிருந்தேன், ஒரு சபையின் முழுப் பதவிக்காலம். அவர் அதை வெட்டி இரண்டு என்று போட்டார். ஆக்களின் மனம் மாறினால் கதவைப் பூட்டி வைக்க நாங்கள் யார் என்று கேட்டார். தவறணை வாக்கெடுப்பைப் பற்றி நானே சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். கொம்பனிக்கு விண்ணப்பம் எழுதச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது, ஊருக்கு யார் இருக்கிறார் என்று நான் கேட்டேன். வரைவில் அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு எண்ணைப் போட்டாகவேண்டும். உங்கள் ஊர்ச் சபையில் இதைக் கொண்டுவர நினைக்கிறவர்கள் என்ன எண்ணைப் போடுவீர்கள் என்று எழுதுங்கள்.